தபால் லாரியில் வந்த ஃப்ளாப்பி

"ஜெனரேட்டரை நிறுத்தியாச்சா? அப்போ கிட்ட வந்து உக்காருங்க. இது நம்ம டாரிலோட பெரியம்மா மெர்லுக்கு நடந்தது..."

சாயங்காலம் ஆறரை. குயின்ஸ்லாந்தின் மேற்கு ஓரம். பண்ணைக்கும் பண்ணைக்கும் நடுவில் எண்பது கிலோமீட்டர் செம்மண் பாதை. அன்று அதில் ஒரே ஒரு வண்டி... வியாழக்கிழமைத் தபால் லாரி.

அதில்தான் அந்த ஃப்ளாப்பி வந்தது. மாட்டு விவரம் ஏற்றி அனுப்பியவள் பக்கத்துப் பண்ணைக்காரி, வால் என்று பெயர். அவள் கணவன் கெவ் செத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றுபோக, அதை விட்டுவிட்டு நடந்து, மெர்ல் பண்ணை கேட் பக்கத்தில் தாகத்தில் சுருண்டு கிடந்தான். மெர்லும் அவள் கணவன் கிளெமும் அன்று வீட்டில்தான் இருந்தார்கள். கேட் வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டர். ஒரு சத்தமும் கேட்கவில்லை.

மெர்ல் ஃப்ளாப்பியைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கிளெம் வழக்கம்போல ஜெனரேட்டரை நிறுத்திவிட்டான். எல்லாம் ஒன்றாக அணைந்தது. ஃப்ளாப்பி உள்ளேயே இருந்தது. அந்தப் பக்கத்தில் யாரும் அதை எடுத்து வைப்பதில்லை.

மறுநாள் ஜெனரேட்டர் ஓடியதும் கம்ப்யூட்டர் தானாக விழித்து, முதல் வேலையாக அந்த ஃப்ளாப்பியைத்தான் படித்தது. கர்ர்... கர்ர்...

மெர்ல் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. தங்கை நொலீனுக்கும் அவள் கணவன் காலினுக்கும் அதே கம்ப்யூட்டரிலிருந்து ஒரு சீட்டாட்டத்தை வேறொரு ஃப்ளாப்பியில் ஏற்றி, அடுத்த லாரியில் கொடுத்தனுப்பினாள்.

லாரி போன மறுநாள் திரை கறுத்தது. நடுவில் ஒரே ஒரு சொல். 'தண்ணி.'

அறை முழுக்கக் கொதித்த ரேடியேட்டர் வாடை.

"கிளெம், இது வைரஸ். ஃப்ளாப்பி வழியா தொத்துமாம், பேப்பர்ல போட்டிருந்தான்."

"தொத்துறதுக்கு அது என்ன சளியா? தபால் பையில உக்காந்து தும்மிச்சாக்கும்!"

அடுத்த நாள் இருட்டும் நேரத்தில் மறுபடி. 'கேட் கிட்ட இருக்கேன். தண்ணி.'

இந்தத் தடவை கிளெம் சிரிக்கவில்லை. தண்ணீர் என்று ஒருவன் கேட்டால் அந்த ஊரில் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். கேனை நிரப்பினான்.

"போகாத கிளெம். எனக்கு பயமா இருக்கு."

"ஒரு தடவை அவனை விட்டுட்டோம், மெர்ல். சும்மா பாத்துட்டு வந்துடறேன்."

வண்டி விளக்கு தூரத்தில் புள்ளியாகி, கேட்டருகே நின்றது. கொஞ்ச நேரம் எரிந்தது... அணைந்தது.

வீட்டில் வேறு வண்டி இல்லை. பண்ணைகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ரேடியோவில் கூப்பிட்டால், அந்த ராத்திரியில் பதில் சொல்ல ஆளில்லை. கம்ப்யூட்டர் ஒயரைப் பிடுங்கிப் போட்டாள். அதற்குப் பிறகும் கர்ர்... கர்ர்... விடியும்வரை அந்தச் சத்தத்தோடு உட்கார்ந்திருந்தாள், பாவம்.

வெளுத்ததும் நடந்தே போனாள். வண்டிக் கதவு திறந்திருந்தது. கேன் தரையில், மூடி இறுக்கித் திருகியபடி. தூக்கினாள். உள்ளே ஒரு சொட்டு இல்லை. கிளெமின் பூட்ஸ் தடம் கேட் வரை இருந்தது. அதற்கப்பால் வெறும் மண்.

அப்போதுதான் நொலீன் ஞாபகம் வந்தது. வண்டியை விரட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து ரேடியோவைப் பிடித்தாள்.

"நொலீன்! நான் அனுப்பின ஃப்ளாப்பியைப் போடாத! ஓவர்!"

"நேத்தே போட்டாச்சுக்கா! விளையாடிட்டு அப்படியே படுத்துட்டோம். இப்பதான் ஜெனரேட்டர் ஓடுது. மாமா குறும்புதானே இது? 'நான் கிளெம், கேட் கிட்ட இருக்கேன். தண்ணி'ன்னு வருது. வர்றதா ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? காலின் கேனை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டாரு..."

மெர்ல் பொத்தானை அழுத்திக் கத்தினாள். கத்தினாள். ஆனால் நொலீன் தன் பொத்தானிலிருந்து கையை எடுக்கவில்லை. எடுக்காதவரை எந்தக் குரலும் அவளுக்குக் கேட்காது.

நானூறு கிலோமீட்டர் தள்ளி, நொலீனின் சிரிப்புக்குப் பின்னால், காலினின் வண்டி கிளம்பும் சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது.