உப்பு ஏரிப் பக்கத்துச் சத்தம்

கிளைவ்: வேலி கரண்ட்ட அணைச்சிட்டியா?

நெரிடா: அணைச்சிட்டேன்ப்பா. இப்ப என் ஆடெல்லாம் ரோட்டுல நிக்குது. திருப்தியா?

கிளைவ்: ரேடியோவுல சத்தம் இன்னும் கேக்குதே... இந்தா, ஹெட்போன வச்சுப் பாரு.

நெரிடா: ம்ம்... முனகுது... நிக்குது... மறுபடி... உன் ஃப்ரிட்ஜா இருக்கும்.

கிளைவ்: அதையும் காலையிலயே அணைச்சாச்சு. பீரெல்லாம் சூடாகிக் கெடக்கு.

நெரிடா: அய்யோ பாவம்! அப்ப தண்ணி பம்பு?

கிளைவ்: அதுவும்தான். கல்யாணத்துக்கு முன்னாலேர்ந்து ரேடியோவ கட்டிக்கிட்டு அழுறேன், இப்படி ஒண்ணு கேட்டதே இல்ல. இந்த அடிமட்ட அலைவரிசைக்கு யாரு வருவா? இந்த வட்டாரத்துல நீயும் நானும்தான்.

நெரிடா: என்னை ஏன் பாக்குற? இவ்ளோ தாழ்ந்த அலைவரிசையில பேசுறது நீர்மூழ்கிக் கப்பல்தான், அதா இருக்கும்.

கிளைவ்: கோதுமைக் காட்டுலயா?

நெரிடா: விடேன். மத்தியானம் லாரி வந்து உன் சாமானெல்லாம் அடிலெய்டுக்கு அள்ளிட்டுப் போகப்போகுது. உன் பையன் வீட்டுல ஏரியல் கட்டக்கூட இடம் கிடையாது. இனிமே இது என்னன்னு தெரிஞ்சு என்ன பண்ணப்போற?

கிளைவ்: தெரியாமப் போனா அங்க தூக்கம் வராது.

நெரிடா: அப்ப... இங்கயே இருந்து கண்டுபிடி.

கிளைவ்: என்ன சொன்ன?

நெரிடா: ஒண்ணுமில்ல. அந்த வளைய ஏரியல திருப்பு.

கிளைவ்: இரு... இப்படி வச்சா அடங்குது. வளையத்தோட முகம் சத்தம் வர்ற திசையப் பாத்தாத்தான் அடங்கும். அப்ப ஒண்ணு, உப்பு ஏரிப் பக்கமிருந்து வருது. இல்லன்னா நேர் எதிர்ல... உன் கொட்டகை.

நெரிடா: ஏரிதான். சந்தேகமே வேணாம்.

கிளைவ்: ஏரியில ஈ காக்கா கிடையாதே.

நெரிடா: என் கொட்டகையில மட்டும் யாரு இருக்கா? நான்தான் இங்க நிக்கிறேனே!

கிளைவ்: கம்ப்யூட்டர் அனுப்பலாமே. மோர்ஸ்ல ஒரு புள்ளிய கால் நிமிஷம் இழுத்தா, காதுக்கு வெறும் முனகல்தான். திரையில வரைய விட்டாத்தான் மோர்ஸ் எழுத்துன்னே தெரியும்.

நெரிடா: ...வரைய விட்டியா?

கிளைவ்: நேத்தே விட்டேன். "போகாதே"ன்னு வந்துச்சு.

நெரிடா: எவனோ விளையாடியிருக்கான்.

கிளைவ்: கடைசியில உன் லைசென்ஸ்ல இருக்குற அடையாள எழுத்து, உன் கால்சைன் வேற இருந்துச்சு.

நெரிடா: கால்சைன் போடாம எப்படிப்பா அனுப்புறது? லைசென்ஸ் போயிடாதா?

கிளைவ்: ஹா... ஹா... திருட்டுத்தனத்தையும் சட்டப்படி பண்ற ஆளு நீ ஒருத்திதான்!

நெரிடா: சிரிக்காத! தெரிஞ்சு வச்சுக்கிட்டே எதுக்கு என்னைய வேலி, பம்புன்னு அலைய விட்ட? லாரி வேற வந்துடும்... ஆமா, நீ போறது எனக்குப் பிடிக்கல. நீ போயிட்டா நான் யார்கூட பேசுறது? போதுமா?

கிளைவ்: லாரியா? அத நேத்தே வர வேணாம்னு சொல்லிட்டேன். இத உன் வாயால கேக்கணும்னுதான்... சரி வா, ஆட்ட ஓட்டிட்டு வருவோம்.