ஏழாம் பீரியடில் பாட்டு

முத்துச்செல்வி: ...முதல்ல குழாய அடைட்டி. தென்காசித் தண்ணி பூராத்தையும் மூஞ்சியிலேயே ஊத்திருவ போலுக்கே!

ஹுஸ்னா: நான் ஒண்ணும் அழல.

முத்துச்செல்வி: அப்போ கண்ணுல என்ன, குத்தாலச் சாரலா?

ஹுஸ்னா: பேசாத. மேடையில வச்சு மானத்த வாங்கிட்டு...

முத்துச்செல்வி: யாரு, நானா? பாட்ட நடுவுல நிப்பாட்டுனது யாரு?

ஹுஸ்னா: நீ அப்படிக் கத்துனா நிப்பாட்டாம என்ன செய்ய? மைக்கு இருக்குட்டி அங்கன! அத முழுங்கிருத மாதிரி வாயத் தொறந்து...

முத்துச்செல்வி: எப்பவும் பாடுத மாதிரிதான் பாடுனேன்.

ஹுஸ்னா: எப்பவும் எங்கன பாடுனோம்? ஐந்தருவியில, உங்கம்மா சோப்புக் கடைக்குப் பின்னால. தண்ணி விழுத இரைச்சல்ல நான் என்னத்தக் கேட்டேன்? உன் வாய் அசையுததப் பாத்துப் பாத்துதான் பாடுவேன்.

முத்துச்செல்வி: ...நானும் அப்படித்தாம்ட்டி.

ஹுஸ்னா: மூணு மாசம்! நீ பாடுத குரல இன்னைக்குத்தான் முதல்ல கேக்கேன். பயந்துட்டேன்.

முத்துச்செல்வி: அவ்வளவு மோசமாவா இருந்துச்சு?

ஹுஸ்னா: நல்லா இருந்துச்சு. அதாம் பயந்துட்டேன்.

முத்துச்செல்வி: ஏட்டி...

ஹுஸ்னா: சிரிக்காத. உள்ள ரிசல்ட் சொல்லுதாவ, நாம இங்கன கைகழுவுத இடத்துல நிக்கோம். கப்பு போனாப் போட்டும். டீச்சர் போச்சே!

முத்துச்செல்வி: அத ஞாபகப்படுத்தாதட்டி.

ஹுஸ்னா: முதல் பரிசு வாங்குத பள்ளிக்கூடத்துக்கு ஒரு வருசம், வாரத்துல ரெண்டு நாள் பாட்டு டீச்சர். போட்டி நடத்துத டிரஸ்ட் நோட்டீஸ்ல அதப் படிச்சதும் கிளாஸ்ல பெஞ்சு மேல ஏறிக் குதிச்சது யாரு?

முத்துச்செல்வி: நாந்தான். இப்பவும் குதிப்பேன். அட்டவணையில பாட்டுன்னு அச்சடிக்கத் தெரியுது, ஒரு ஆளப் போடத் தெரியல. எரிச்சலா வருது எனக்கு.

ஹுஸ்னா: அதுக்குன்னு அதையே பாட்டாக் கட்டுவியா? ஆசையா நம்மளக் கூட்டிட்டு வந்தாரு நம்ம கணக்கு வாத்தியார் முத்துக்குமாரசாமி சார். முதல் வரிசையில அவர உக்கார வச்சுக்கிட்டு, "வெள்ளிக்கிழம ஏழாம் பீரியடு அட்டவணையில பாட்டு, கதவத் தொறந்தா கணக்கு சாரு கையில சாக்பீஸ் கட்டு..."ன்னு பாடுனோமே!

முத்துச்செல்வி: அவரு சிரிச்சாருட்டி. தலைய ஆட்டி ஆட்டிச் சிரிச்சாரு.

ஹுஸ்னா: நீ வாய்ப்பாடு சொன்னதுக்குச் சிரிச்சிருப்பாரு.

முத்துச்செல்வி: பின்ன நான் என்ன செய்ய? நீ பாட்டுக்கு நின்னுட்ட. சபையே பாக்குது. எனக்கு அடுத்த வரி மறந்துபோச்சு. வாயில வந்தது "ஓரேழு ஏழு"தான்.

ஹுஸ்னா: அதுலயும் தொடையத் தட்டிக்கிட்டு!

முத்துச்செல்வி: நமக்கு முன்னால பாடுன வெள்ளச் சட்டப் பிள்ளைகள்ட்ட கீபோர்டு இருந்துச்சு, சுருதிப்பெட்டி இருந்துச்சு, தபேலா இருந்துச்சு. நம்மட்ட என்ன இருந்துச்சு? தொட இருந்துச்சு. தட்டுனேன்.

ஹுஸ்னா: அய்யோ, சும்மா இரு... ஆளு வருது. நடுவர்ட்டி! நடுவுல இருந்து முறைச்சுக்கிட்டே இருந்தாவள்லா, நாச்சியார் மிஸ்.

முத்துச்செல்வி: ஏசத்தான் வாறாவ. குனிஞ்சுக்கோ.

நாச்சியார்: ஏம்மா, முப்பத்தேழாம் நம்பர் நீங்கதானே?

ஹுஸ்னா: ஆமா மிஸ்... போயிருதோம் மிஸ்.

நாச்சியார்: எங்க போறிய? நில்லுங்க. ஒண்ணு கேக்கணும். பாட்டு நடுவுல நின்னுச்சே, அது வேணும்னு நிப்பாட்டுனதா?

முத்துச்செல்வி: ஆமா மிஸ். அப்படித்தான் ப்ராக்டீஸ்...

நாச்சியார்: பொய் சொன்னா எனக்குப் பிடிக்காது.

ஹுஸ்னா: நாந்தான் நிப்பாட்டிட்டேன் மிஸ். பயத்துல. இவ வேணும்னு செய்யல.

நாச்சியார்: அந்த ஏழாம் வாய்ப்பாடு? எழுதி வச்சதா?

முத்துச்செல்வி: வாயில வேற எதுவும் வரல மிஸ். பாட்டு பீரியட்ல வருசக்கணக்கா அதானே சொல்லியிருக்கோம்.

நாச்சியார்: மெட்டு விடாமச் சொன்ன. தெரியுமா?

முத்துச்செல்வி: தெரியாது மிஸ்.

நாச்சியார்: "நாலேழு இருபத்தெட்டு"ல இவ வந்து சேந்தா, கீழ்க்குரல்ல. அது யாரு சொல்லிக்குடுத்தது?

ஹுஸ்னா: யாரும் இல்ல மிஸ். அவ குரல் மேல இருந்துச்சு. நானும் கத்துனா சண்ட மாதிரி இருக்கும்லா... அதாம் கீழ போனேன்.

நாச்சியார்: ம். நல்லாக் கேட்டுக்கோங்க. நீங்க ஆரம்பத்துல கத்துனிய. மூச்சு எங்க எடுக்கணும்னு தெரியல. அதுக்கெல்லாம் மார்க்கக் கொறச்சுட்டேன். பாவம் பாத்து ஒத்த மார்க் போடல.

முத்துச்செல்வி: சரி மிஸ்.

நாச்சியார்: பாதியில நின்ன பாட்டத் திரும்ப எடுத்திய பாருங்க, அதுக்கு முழுசாப் போட்டேன். சொந்தமா வரி, சொந்தமா மெட்டுன்னுதான் போட்டியே. மத்தவுக பயிற்சியில வந்ததப் பாடுனாக. நீங்க மேடையில வச்சுப் பாட்டு உண்டாக்குனிய. நாங்க மூணு நடுவரும் ஒண்ணாத்தான் சொன்னோம். மூணு தடவ மைக்குல நம்பரச் சொல்லியாச்சு, இங்கன நின்னு மூஞ்சியக் கழுவுதிய!

ஹுஸ்னா: மிஸ்... எத்தனாவது பரிசு?

நாச்சியார்: முதல்.

முத்துச்செல்வி: ஏட்டி! ஏட்டி ஹுஸ்னா! டீச்சர்ட்டி!

ஹுஸ்னா: கைய விடு, வலிக்கி... மிஸ், நெசமாவே டீச்சர் வருவாவளா? நோட்டீஸ்ல மட்டும் போட்டுட்டு...

நாச்சியார்: ஜூன் மாசம் பள்ளிக்கூடம் தொறந்த முதல் செவ்வாய்க்கிழமை வரும். வந்து உங்க முன்னாலதான் நிக்குது.

முத்துச்செல்வி: நீங்களா?

நாச்சியார்: ஏன், பிடிக்கலையா? எங்க வீட்டுல முதல்ல காலேஜ் படிச்சவ நான். பாட்டு படிச்சு என்ன கிழிக்கப் போறன்னு ஊரே கேட்டுச்சு. வந்து கிழிக்கேன் பாருங்க. முதல் நாளு நீங்க ரெண்டு பேரும் முதல் வரிசையில இருக்கணும்... என்ன, மூஞ்சியே மாறுது?

ஹுஸ்னா: நீ சொல்லுட்டி.

முத்துச்செல்வி: நீ சொல்லு.

நாச்சியார்: என்னத்த மறைக்கிய?

ஹுஸ்னா: மிஸ்... உங்களுக்கு எங்க பேரு, கிளாஸு எதுவும் தர மாட்டாவளா?

நாச்சியார்: நடுவருக்கு நம்பர் மட்டும்தான். ஏன்?

முத்துச்செல்வி: நாங்க பன்னெண்டாங்கிளாஸ் மிஸ். நீங்க ஜூன்ல வாறப்போ நாங்க இருக்க மாட்டோம். முன்னாலயே தெரிஞ்சா, போகப் போறவளுகளுக்கு எதுக்கு டீச்சர்னு வேற பள்ளிக்கூடத்துக்குக் குடுத்துருவியளோன்னு மூச்சு விடல... ஆறாங்கிளாஸ்ல எழுவத்திரெண்டு பிள்ளைய இருக்கு மிஸ். எங்கள விட நல்லாப் பாடுதுக.