ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம்

சிங்கப்பூர் ஜூரோங்கில் ரயில் ஏறிய இருவரும் இடம் இருந்தும் உட்காரவில்லை. ஒரே கம்பெனிச் சட்டை.

"அடுத்த வருஷத்து வேலையையும் நாமளே முடிச்சிட்டோம் லா," என்றார் மீசைக்காரர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் என் போனைப் பைக்குள் போட்டேன்.

"புரியல அண்ணே," என்றார் கண்ணாடிக்காரர்.

"அமெரிக்காக்காரன் வரி ஏத்தப் போறான்னதும், அதுக்கு முன்னாடி அனுப்பிடணும்னு ராத்திரி பகலா பம்ப் செஞ்சு பேக் பண்ணோமே? இப்ப அவன் குடோன் ரொம்பிக் கிடக்கு. புதுசா எதுக்கு ஆர்டர் கொடுப்பான்?"

"ஓவர்டைம்னதும் முதல்ல கை தூக்கினதே நான்தான்."

"நான் மட்டும் என்ன?"

மீசைக்காரருக்கு மெசேஜ் வந்தது. அதைப் படித்துவிட்டுக் கதவுவரை போய்த் திரும்பி வந்தார்.

"சூப்பர்வைசர். ஞாயித்துக்கிழமை ஓவர்டைம் வர முடியுமாங்கறார்."

"பாத்தீங்களா, ஆர்டர் வந்துடுச்சு!"

"ஆர்டர் இல்ல. நம்ம மெஷினையெல்லாம் கழட்டிப் பேக் பண்ணணுமாம்."

"எங்க போகுது?"

"அமெரிக்காவுக்குத்தான். அங்கயே செஞ்சா வரி கிடையாதுல்ல."

கண்ணாடிக்காரர் ஒரு கைப்பிடியை விட்டு இன்னொன்றைப் பிடித்தார். இரண்டு ஸ்டேஷன் போயிற்று.

"என் பேரையும் சேத்துப் போட்டுடுங்க அண்ணே. வேற யாராவது முந்திக்கப் போறாங்க."