முகத்தில் கோடு விழவிடாத அண்ணனுக்கு

எங்கள் மருத்துவமனையின் அடையாள அட்டைப் பிரிவில் ஆண்டுகள் பல அமர்ந்து, ஆயிரமாயிரம் முகங்களை அழகுற அச்சிட்டு, இன்று பணி ஓய்வு பெறும் அன்புள்ளமே! தூசுக்குத் துளியும் இடந்தராத தூயவரே! 'ஊதாதே அண்ணன்' என்று நாங்கள் உரிமையோடு அழைக்க, ஒருநாளும் முகம் சுளிக்காத உத்தமரே! வணக்கம்.

உங்களை நேரே புகழ்ந்தால் பாதியில் எழுந்து போய்விடுவீர்கள். ஆகவே அவையைப் பார்த்துச் சொல்கிறோம். நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

அவையோரே! அட்டையில் வெள்ளைக் கோடு விழுந்தால் அச்சு இயந்திரத்தைத் திறந்து, தூசு போக வாயால் ஊதுவது எங்கள் வழக்கம். "ஊதாதே! எச்சில் பட்டா தலை போயிடும்" என்று அண்ணன் ஓடி வருவார். "யார் தலைண்ணே?" என்றால், "முதல்ல அச்சுத் தலை, அப்புறம் உன் தலை" என்பார். பின்பு மின்சாரத்தை நிறுத்தி, சூடு ஆறும்வரை பொறுத்து, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சுக்குச்சியால் அச்சுத் தலையை மெல்லத் துடைப்பார். உருளைகளின் தூசை ஒற்றியெடுக்கப் பசையுள்ள துப்புரவு அட்டையை உள்ளே ஓடவிடுவார்.

சென்ற மழைக்காலத்தில் அண்ணி காலமானார். இதே மருத்துவமனையின் சலவைப் பிரிவில் பணியாற்றியவர்; அண்ணனோடு ஒன்றாக வந்து, ஒன்றாகத் திரும்பியவர். அண்ணன் வேலைக்குத் திரும்பிய அன்றே அண்ணியின் அட்டையும் எங்கள் மேசைக்கு வந்து சேர்ந்தது. பணியில் இல்லாதவரின் அட்டையை வெட்டிவிட வேண்டும் என்பது விதி.

"அண்ணே, நீங்க டீ குடிச்சிட்டு வாங்க. இதை நான் பாத்துக்கிறேன்" என்றார் பக்கத்து இருக்கைக்காரர்.

"குடுப்பா. அன்னிக்கு இவ கண்ணைச் சிமிட்டிக்கிட்டே இருந்தா, நாலு தரம் போட்டோ எடுத்தேன். வெட்டுறதும் நானே வெட்டுறேன்."

கத்தரி முகத்தைத் தொடவில்லை; எண் இருந்த ஓரம் மட்டும் விழுந்தது. மேலாளர் அம்மா அருகில் வந்தார். "நம்பர் போதும் எங்களுக்கு. மீதியை நீங்க வெச்சுக்குங்க" என்று முகமிருந்த துண்டை அண்ணனின் சட்டைப் பையில் வைத்துவிட்டு, திரும்பிப் பாராமல் போனார்.

அன்று மாலையே அண்ணியின் இடத்துக்கு வந்த பெண் அட்டைக்காக நின்றாள். அச்சான முகத்தின் குறுக்கே மெல்லிய கோடு.

"பரவால்லண்ணா, கேட் திறந்தா போதும்."

"இல்லம்மா. உன் வீட்டுல யாராவது ஒரு நாள் இதைக் கையில வெச்சுப் பாத்துக்கிட்டு இருப்பாங்க. முகம் முழுசா இருக்கணும்."

இயந்திரத்தைத் திறந்தார். கண்ணீர் உள்ளே விழுந்துவிடாதபடி முகத்தைத் திருப்பித் திருப்பி அச்சுத் தலையைத் துடைத்தார். உதவ எழுந்த நாங்கள் மீண்டும் உட்கார்ந்துவிட்டோம். இரண்டாவது அட்டையில் அந்தப் பெண் பளிச்சென்று இருந்தாள்.

அண்ணா! ஓய்வு பெற்றதும் கடலோரத்தில் ஒரு மாதம் தங்க வேண்டுமென்று நீங்களும் அண்ணியும் பேசிவைத்திருந்ததை நாங்கள் அறிவோம். அதற்கு ஈடாக எதையும் எங்களால் தர இயலாது. மாலையும் மடலும் உங்கள் வீட்டின் வெறுமையை மறைக்கமாட்டா. கதவைத் திறக்கும்போது பின்னால் அண்ணியின் குரல் கேளாத மாலைகளில் எங்களில் ஒருவர் வந்து நிற்பார்; வேண்டாமென்று சொல்லிவிடாதீர்கள். நலம் குன்றாமல், நடை தளராமல், நெடுநாள் எங்களோடு இருங்கள். கடல் பார்க்கவும் போங்கள். தனியாகப் போக மனம் வரவில்லையென்றால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். விடுப்பு எடுத்துக்கொண்டு நாங்கள் வருகிறோம்.

கண்ணீரும் அன்புமாய்,
அட்டைப் பிரிவிலும் சலவைப் பிரிவிலும் உள்ள
உங்கள் தம்பி தங்கையர்