கடைசியாகத் தெரிந்த முகவரி

ஒரு மேஜையை நாட்டின் எல்லை தாண்டிக் கொண்டுபோவது பெரிய காரியமில்லை. கால்களைக் கழற்றிவிட்டால் வேனில் சமர்த்தாகப் படுத்துக்கொள்ளும். ஐயா, உங்கள் விசாரணைக் குறிப்பில் மோசடி என்று எழுதிவைத்திருப்பதில் பாதி அந்த மேஜைதான்.

சாயப்பட்டறை இங்கே, நான் அதன் சட்ட அலுவலர். கொதிகலன் வெடித்துப் பதினொரு பேருக்குக் கை வெந்தது. நஷ்டஈடு கேட்டார்கள். இந்த நாட்டில் கம்பெனி திவாலானால் அடிபட்டவனுக்கு முதல் பங்கு, அதற்குப் பிறகுதான் வங்கிக்கு. பக்கத்து நாட்டில் வங்கிக்கு முதல் பங்கு. அடிபட்டவன் முப்பது நாளுக்குள் மனுப் போட்டால் மிச்சம்மீதி, போடாவிட்டால் அதுவும் இல்லை. வங்கிக் கடனுக்கு முதலாளி தன் வீட்டை ஜாமீன் வைத்திருந்தது தற்செயல்.

எந்த நாட்டுச் சட்டம் செல்லும்? தலைமையிடம் எங்கேயோ அந்த நாட்டுச் சட்டம். தலைமையிடம் என்பது எது? இரண்டு நாட்டு மேதைகளும் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்தது: முதலாளி உட்கார்ந்து கையெழுத்துப் போடும் இடம். ஆகவே மேஜை.

அங்கே ஒரு பல் டாக்டருக்கு மேல்மாடியில் அறை பிடித்துப் பெயர்ப்பலகை மாட்டினேன். ஏழு மாதம் முதலாளி வந்து கையெழுத்துப் போட்டார். கீழே யாராவது அலறினால் பேனாவை எடுத்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பார். பிறகு அங்கேயே திவால் மனு. நம் நீதிமன்றத்துக்குப் பலகையின் புகைப்படத்தை அனுப்பினோம். அது பரவசத்தோடு ஒப்புக்கொண்டது.

வெந்தவர்களில் ஒருவர் பட்டறை மேஸ்திரி, என் அக்காள் கணவர். திவால் மனுப் போட்ட சமயம், இனி மூன்று மாதத்துக்குள் அறுவை செய்யாவிட்டால் விரல்கள் மடங்கியபடியே நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கு அந்த நஷ்டஈட்டைத்தான் நம்பியிருந்தார்கள். கம்பெனிக் குடியிருப்பைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் ஒட்டியவன் நான். அவர்களை என் வீட்டு மாடியில் வைத்துக்கொண்டவனும் நான்தான். இதை யாரும் குறிப்பில் எழுதுவதில்லை.

அக்காள் ஊட்டிவிடும்போது அத்தான் தினமும் கேட்பார்: “மச்சான், லெட்டர் ஏதாவது வந்துச்சா?”

“வரும் அத்தான். வராம எங்க போயிடும்.”

“பாத்தியா, உன் தம்பி இருக்கறப்ப நமக்கென்ன கவலை” என்று அக்காளிடம் சொல்லி அடுத்த கவளத்துக்கு வாய் திறப்பார். எதையும் படித்துப் பார்க்காமல் ஆளை நம்புகிறவர்களை நினைத்தால் எனக்கு அலுப்பாக இருக்கும்.

கடிதம் போகாமல் இல்லை. மனுப் போடச் சொல்லும் பதினொரு கடிதங்களையும் நானே பதிவுத் தபாலில் அனுப்பினேன். கடைசியாகத் தெரிந்த முகவரிக்கு அனுப்பினால் போதும் என்கிறது அந்த நாட்டுச் சட்டம். கோப்பில் பதினொரு பேருக்கும் இருந்தது குடியிருப்பின் முகவரி. குடியிருப்பை ஏற்கெனவே பூட்டி அரக்கு முத்திரை வைத்திருந்தேன். பதினொன்றும் திரும்பி வந்தன; வாங்கி வரிசையாக அடுக்கினேன். முப்பது நாளும் முடிந்தது. இப்போது அத்தானின் விரல்கள் நிமிர்வதில்லை.

அவர் என் மாடியில் இருந்தது எனக்குத் தெரியாதா என்கிறீர்கள். மைத்துனனாகத் தெரியும். சட்ட அலுவலருக்கு எழுத்துமூலம் யாரும் தெரிவிக்கவில்லை. முகவரி மாற்றத்துக்கென்று ஒரு படிவமே இருக்கிறது ஐயா. அவரால் பேனா பிடிக்க முடியவில்லை என்றால் அதற்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்?