ஒரு படத்துக்கு இரண்டு பெயர்

வணக்கம் சொல்வதற்கு முன்னால் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் இடுப்பில் இருக்கும் இந்தப் பட்டு வேட்டி நான் கட்டியதல்ல, ஒட்டியது. அதற்குள்ளே என் மகனுடைய காற்பந்துக் கால்சட்டையும் போட்டிருக்கிறேன். நான் படியேறும்போது முன்வரிசைத் தாய்மார்கள் ஏதோ சிவப்பாகப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டீர்களே, அது அதுதான். பார்த்தது பார்த்ததாக இருக்கட்டும். வெளியே சொல்ல வேண்டாம்.

இனி முறைப்படி.

இந்த அவைக்குத் தலைமை தாங்கி, தாங்கிய தலைமையைச் சாயங்காலத்திலிருந்து இறக்கி வைக்காமல் வீற்றிருக்கும் ஜவுளிக்கடைச் செம்மல், வாய் நிறையச் சிரித்துக்கொண்டே விலையைக் குறைக்க மறுக்கும் வள்ளல், அண்ணன் ஷேக் அலாவுதீன் அவர்களே! பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரி ஏறிக் கடல் கடந்து வந்திருக்கும் பெரியோர்களே! பாயான் லெப்பாஸில் வேலை முடித்து, வீட்டுக்குப் போகாமல் தொழிற்சாலைப் பேருந்தோடு இங்கே வந்து இறங்கியிருக்கும் தாய்மார்களே, தங்கைமார்களே! கடையைப் பாதி அடைத்துவிட்டு, மீதிப் பாதியிலேயே மனத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் லிட்டில் இந்தியா வியாபாரிகளே! கடைசி வரிசையில், பேச்சு முடிந்ததும் தேநீரா சாப்பாடா என்று கிசுகிசுத்துக்கொண்டிருக்கும் தம்பிகளே! சாப்பாடுதான். உட்காருங்கள். உங்கள் அத்தனை பேருக்கும் இந்தப் பக்கிரிசாமியின் பணிவான, பாசமான, படபடப்பான வணக்கம்!

நான் படித்தவன் அல்ல. பள்ளிக்கூடம் என்னைப் பார்த்தது, நான் பள்ளிக்கூடத்தைப் பார்த்தேன், இரண்டு பேருக்கும் பிடிக்கவில்லை. ஆனால் இந்தப் பினாங்குத் தீவில் மேடை என்று ஒன்று போட்டால் மைக் செட் கட்டுகிறவன் நான். கல்யாணமா, கோயில் திருவிழாவா, காதுகுத்தா, ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஊரிலுள்ள பேச்சையெல்லாம் கேட்டுக் கேட்டு வளர்ந்த தமிழ் என் தமிழ். இதில் பிழை இருந்தால் அது எனக்கு முன்னால் பேசியவர்களுடைய பிழை.

என்னக்கா? சத்தமாகப் பேசணுமா? இதற்கு மேல் சத்தம் வைத்தால் பக்கத்துத் தெரு இரவுச் சந்தையில் பாசார் மாலாம் கடை போட்டிருக்கிற சீனத்து அண்ணன் சண்டைக்கு வருவார்க்கா.

அன்பானவர்களே! இன்று நாம் எதற்காகக் கூடியிருக்கிறோம்? சுவரெல்லாம் முகமாக, முகமெல்லாம் சிரிப்பாக, இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் படங்களுக்காக. எடுத்தது யார்? அதோ, நாற்காலி இருந்தும் உட்காராமல் தூணோரம் நிற்கிறார்களே, அந்த இரண்டு பெண்கள். உயரமாக, இந்த நேரத்திலும் யாரிடமோ பேசிக்கொண்டிருப்பவர் ராகினி. கேமராவைக் கைக்குழந்தை மாதிரி இடுப்பில் இடுக்கிக்கொண்டு, வாயே திறக்காமல் நிற்பவர் துளசி. குயின் ஸ்திரீட்டில் நகைக்கடைக்கு மேல்மாடியில் இவர்களுடைய ஸ்டூடியோ. கடப்பிதழுக்கு பாஸ்போர்ட் படம் எடுப்பார்கள், கல்யாணப் படம் எடுப்பார்கள். என் பெட்டிகளும் அவர்கள் பெட்டிகளும் ஒரே வேனில்தான் கல்யாண வீட்டுக்குப் போகும். என்னை அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டே என் வேனில் நல்ல இடத்தை அவர்கள் பிடித்துக்கொள்வார்கள்.

அவர்கள் வேலை செய்கிற விதம் ஒன்று உண்டு. துளசி கேமராவைப் பிடிப்பார். துளசிக்கு இடப்பக்கம், ஒரு கை நீளம் தள்ளி, ராகினி நிற்பார். நின்று பேசுவார். அவ்வளவுதான். "சிரிங்க" என்ற சொல்லை அந்த இருவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. ராகினி பேசப் பேச, எதிரே இருப்பவருக்குக் கேமரா மறந்துபோகும், காலில் செருப்புக் கடிப்பது மறந்துபோகும், நேற்று வீட்டில் நடந்த சண்டை மறந்துபோகும். அவர் ராகினியைப் பார்த்துச் சிரிப்பார். துளசியின் விரல் அசையும்.

இவர்கள் ஊர் ஊராகப் போவார்கள். மலிவு டிக்கெட் எங்கே கிடைக்கிறதோ அங்கே. லாவோஸில் ஓர் ஆற்றங்கரை. மீன் காயவைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா. அவருக்குத் தமிழ் தெரியாது, ராகினிக்கு அவர் மொழி தெரியாது. ராகினி அச்சமில்லாமல் தமிழிலேயே கேட்டாராம்: "ஏம்மா, மருமக ஒரு மீனுகூடத் திருப்பிப் போட மாட்டாளா?" கேட்டுவிட்டுக் குடிசைப் பக்கம் கையைக் காட்டினாராம். அந்த அம்மா தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார் பாருங்கள்! அந்தச் சிரிப்பு அந்தச் சுவரில் இருக்கிறது. மொழி தெரியாத ஊரில் அந்தச் சிரிப்பை வாங்கி வந்தது எது? விரலா? வாயா? வாயில்லாமல் விரல் என்ன செய்யும்? விரலில்லாமல் வாய் எதைக் காட்டும்?

கை தட்டுவது யார்? சின்னம்மாவா? என் மனைவி சின்னம்மாவேதான். வீட்டில் நான் பேசும்போது இப்படி ஒரு தடவை தட்டியிருந்தால் நான் எப்போதோ மேடையேறியிருப்பேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

துளசி முன்பு பாயான் லெப்பாஸில் மின்சில்லு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். உள்ளே போனால் தலை முதல் கால் வரை வெள்ளை உடை, முகத்தில் மூடி, தெரிவது கண் மட்டும். வருடக்கணக்காகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்த நல்லம்மாளைப் பேருந்தில் பார்த்து, "நீங்க யாருக்கா, புதுசா?" என்று கேட்டவர் நம் துளசி. நல்லம்மாள் அக்கா, இருக்கிறீர்களா? கையைத் தூக்குங்கள். இருக்கிறார்கள். இன்னும் மன்னிக்கவில்லை என்று தலையாட்டுகிறார்கள்.

அந்த வெட்கத்திலிருந்து பிறந்தவைதான் இந்த நடுச்சுவர்ப் படங்கள். கல்யாணக்காரர் யாரும் கேட்டு எடுத்தவை அல்ல, துளசியும் ராகினியும் தங்களுக்காகவே எடுத்தவை. வேலை முடிந்து பெண்கள் வெளியே வரும் வாசலில், பேருந்து நிற்குமிடத்தில், மூடியைக் கழற்றியவுடன் கன்னத்தில் ஒரு கோடு இருக்கும். மூடியின் விளிம்பு அழுத்திய கோடு. அது மறைவதற்குள் எடுத்த முகங்கள். அந்தக் கோட்டோடு வாய்விட்டுச் சிரிக்கிற நல்லம்மாள் அக்காவின் படத்தைத் தலைநகரில் ஒரு பெரிய போட்டிக்கு அனுப்பினார்கள்.

படம் ஜெயித்தது! முதலிடம்! பரிசு என்ன? தலைநகரில் ஒரு கண்காட்சி, பிறகு ஐரோப்பாவில் ஒரு கண்காட்சி. தொலைபேசி வந்தபோது நாங்கள் மூவரும் என் வேனில், பாலத்தின் நடுவில். அந்தப் பக்கத்திலிருந்து ஓர் அதிகாரி கேட்டார்: "ஒரு படத்துக்கு ஒரு பெயர்தான் போடலாம். பட்டனை அழுத்தியவர் யார்?"

"துளசி சார். அவ பேரப் போடுங்க" என்றார் ராகினி, மூச்சு விடாமல்.

துளசி போனைப் பிடுங்கி அணைத்தார். "எதுக்கு அப்படிச் சொன்ன?"

"வேற எப்படிச் சொல்றது? நீதானே கிளிக் பண்ண."

"நீ வாய மூடிக்கிட்டு நின்னிருந்தா அந்தக்கா சிரிச்சிருக்குமா?"

"வாய்க்கெல்லாம் யாரு பரிசு குடுப்பாங்க? எங்கப்பா கேக்குறததான் எல்லாரும் கேப்பாங்க."

அப்பா கேட்பது என்ன? பட்டர்வொர்த்தில் ரயில்வே அலுவலகத்தில் மேசையில் உட்கார்ந்து, எழுத்துப் பிசகாமல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் கந்தப்பு ஐயா. யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம். ஐயா, மேடையிலேயே இருக்கிறீர்கள், உங்களைப் பார்த்துக்கொண்டே சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. வீட்டுக்குப் போகிற ஒவ்வொரு தடவையும் மகளிடம் கேட்பார்: "பிள்ளை, படம் எடுக்கிறது அந்தப் பிள்ளை. நீ அங்கை நிண்டு என்ன செய்யிறாய்?"

"கதைக்கிறன் அப்பா."

"கதைக்கிறதும் ஒரு உத்தியோகமோ?"

தாய்மார்களே, வேனில் அன்று ராகினி பேசவில்லை. பாலம் முடிகிற வரைக்கும் பேசவில்லை. பேசாத ராகினியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இறங்கும்போது ஒன்று சொன்னார்: "நாளைக்கு நான் வரல. நீ தனியா ஒரு ஆள எடுத்துப் பாரு. நல்லா வந்துச்சுன்னா உன் பேரு மட்டும்தான். நான் கல்யாண வேலைய மட்டும் பாத்துக்கிறேன்."

மறுநாள் துளசிக்கு அகப்பட்ட ஆள் யார்? இந்த ஏழைதான்! ஒயர் கேட்க ஸ்டூடியோவுக்குப் போனவனை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார். அறை முழுக்க அமைதி. நான் துளசியைப் பார்த்தேன். துளசி என்னைப் பார்த்தார். கேமரா எங்கள் இருவரையும் பார்த்தது. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. எனக்கு இரண்டு கைதானா என்று சந்தேகமே வந்துவிட்டது. படத்தைப் பார்த்தால், காவல் நிலையத்தில் கைரேகை வைக்க வந்தவன் மாதிரி ஒருவன் இருந்தான். அது நான்.

துளசி மறுபடி எடுத்தார். மறுபடியும் கைரேகை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போது படிக்கட்டில் செருப்புச் சத்தம். வர மாட்டேன் என்றவர் வாசலில் நின்றார்.

"என்னாண்ணே, அக்கா வீட்ட விட்டுத் தொரத்திட்டாங்களா? மூஞ்சி இப்படி இருக்கு!"

நான் சிரித்தேன். துளசியின் விரல் அசைந்தது. கைரேகைப் படமும் இந்தப் படமும் வாசலில் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன. போகும்போது பாருங்கள். ஒரே ஆள், ஒரே நாற்காலி, ஒரே சட்டை. ஒன்றில் பக்கிரிசாமியின் தோல் இருக்கிறது, மற்றதில் பக்கிரிசாமி இருக்கிறான்!

துளசி அந்த நிமிடமே தலைநகருக்குப் போன் போட்டார். துளசி வாழ்க்கையில் பேசிய மிக நீளமான பேச்சு அது. "சார், ரெண்டு பேரு போடுவீங்களா, மாட்டீங்களா? மாட்டீங்கன்னா எங்க படத்தத் திருப்பிக் குடுத்துருங்க." மாட்டோம் என்றார்கள். படம் திரும்பி வந்தது. பரிசு போனது. ஐரோப்பா போனது.

யாரப்பா அது "ஐயோ" என்று சொன்னது? சொல்லாதே தம்பி! அந்த ஐயோவை நானும் அன்று சொன்னேன். அப்போது துளசி என்னிடம், "எங்க பொண்ணுங்க ஐரோப்பாவுலயா அண்ணே இருக்காங்க? இங்கதானே இருக்காங்க" என்றார். அதனால்தான் இந்த மண்டபம். அதனால்தான் இந்த மாலை. வாசலில் பலகையைப் பார்த்தீர்களா? ராகினி, துளசி. ஒரே வரியில் இரண்டு பெயர்!

இன்று பிற்பகலில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். நான் ஒயர் இழுத்துக்கொண்டிருந்தேன். கந்தப்பு ஐயா முதல் ஆளாக வந்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, நல்லம்மாள் அக்காவின் படத்துக்கு முன்னால் நின்றார். வெகுநேரம் நின்றார். ராகினி தள்ளி நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். ஐயா திரும்பாமலே கேட்டார்:

"வடிவாத்தான் கிடக்கு. ஆனால் பிள்ளை, இதிலை நீ எங்கை நிக்கிறாய்?"

அங்கேயே நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்த நல்லம்மாள் அக்கா துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"ஐயா, படத்துல நான் எங்க பாக்குறேன், சொல்லுங்க."

ஐயா பார்த்தார். கையால் இடப்பக்கம் காட்டினார்.

"அங்கதான் நிக்குது உங்க பொண்ணு."

அவையோரே! எழுந்து பாருங்கள், இந்தச் சுவர்களைப் பாருங்கள்! லாவோஸ் அம்மா எங்கே பார்க்கிறார்? நம் தொழிற்சாலைப் பெண்கள் எங்கே பார்க்கிறார்கள்? ஒருவராவது கேமராவைப் பார்க்கிறாரா? அத்தனை கண்ணும் ஒரு கை நீளம் தள்ளி, இடப்பக்கம்! படத்தில் இல்லாத ஒருத்தி எல்லாப் படத்திலும் இருக்கிறாள்! அவளை அங்கே நிற்க வைத்துத்தான் எடுப்பேன் என்று பரிசையே திருப்பித் தந்தாள் இன்னொருத்தி! இவர்களைப் பெற்ற ஊர் எந்த ஊர்? பினாங்கு! இவர்கள் பேசும் மொழி எந்த மொழி? தமிழ்! நெஞ்சு நிமிர வேண்டாமா நமக்கு? நிமிரட்டும்!

அதற்குப் பிறகு ஐயா என்ன செய்தார் தெரியுமா? ஒவ்வொரு படமாகப் போனார். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஓர் எட்டு இடப்பக்கம் தள்ளி நின்றார். மகள் நின்ற இடத்தில் நின்று, அந்த முகம் தன்னைப் பார்த்துச் சிரிப்பதைப் பார்த்தார். கடைசியில் வாசல் பலகைக்கு வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டார்.

"பிள்ளை, உன்ரை பேர் கொஞ்சம் சின்னனாக் கிடக்கு."

அளந்து பார்த்தோம். இரண்டும் ஒரே அளவுதான். ஐயா ஒத்துக்கொள்ளவில்லை.

இத்தனை நேரம் என்னைப் பொறுத்துக்கொண்ட தலைவருக்கும், மண்டபம் தந்தவர்களுக்கும், முகம் தந்த தாய்மார்களுக்கும், பசியோடு கை தட்டிய தம்பிகளுக்கும் என் நன்றி. இந்த இரண்டு தங்கைகளின் பெயரும் இருக்கிற இடமெல்லாம் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று வாழ்த்தி, உங்கள் எல்லாரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

இறங்குவதற்கு முன் எல்லாரும் சேர்ந்து ஒரு படம். தலைவரே, எழுந்து வாருங்கள். கந்தப்பு ஐயா, இப்படி. நல்லம்மாள் அக்கா, மேடைக்கு வாருங்கள். ராகினி, துளசி, இரண்டு பேரும் நடுவில். மறுக்கக் கூடாது, இன்றைக்கு ஒரு நாள் நீங்களும் படத்துக்குள் வரத்தான் வேண்டும். சரி. நெருங்கி நில்லுங்கள். தலைவர் சால்வையை விரித்துப் பிடித்திருக்கிறார். ஐயா மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறார். எல்லாரும் நன்றாகச் சிரிக்கிறோம். கொஞ்ச நேரமாகவே சிரித்துக்கொண்டிருக்கிறோம். கேமரா அதோ, முக்காலியில் நேராக நிற்கிறது. அதன் பின்னால் யாரும் இல்லை.