சிவப்புச் சீலை கட்டுன காடு

— நகந்து உக்காருங்கக்கா, பெரியப்பாவுக்கு எடம் வேணும். ஏறுங்க பெரியப்பா. கதவ ஓங்கிச் சாத்துங்க, இல்லீன்னா அடுத்த வளைவுல நீங்க ஒரு பக்கம், என்ற குட்டியானை வண்டி ஒரு பக்கம்.

— சாத்தியாச்சு அம்மிணி. வண்டிக்குப் பின்னால என்ன லோடு?

— கத்திரிக்காங்க. வெளிச்சம் வந்ததும் காட்டுல எறங்குனோம், பறிச்சு முடிச்சு, ரோட்டோரம் டீயக் குடிச்சுட்டு இப்பத்தான் கௌம்புனோம். நானு சுகன்யா, இது அங்காளம்மாக்கா. குமாரபாளையம். நீங்க எங்க எறங்கோணும்?

— போற வழியில போலீஸ் டேசன்ல உட்டாப் போதும்.

— அட மாரியாத்தா. டேசனுக்காங்க? இந்த வயசுல உங்களுக்கு என்னுங்கய்யா வம்பு?

— ஒரு களவுங்க. காலையில சந்தைக்குப் போயி வெலை விசாரிச்சேன், ஒருத்தனும் ஏறெடுத்துப் பாக்கல. திரும்பி வந்தா இங்க களவு போயிருக்குது. பிராது குடுக்கோணும்.

— அடப்பாவமே. எந்தப் பாவி மவன் கைய வெச்சானோ, அவன் கையி வெளங்குமா?

— அக்கா, சாபம் போதும், பெரியப்பா பயந்துக்கப் போறாரு.

— இல்ல அம்மிணி, அவங்க சாபம் உடட்டும், கேக்கறதுக்கு நல்லாத்தான் இருக்குது. இந்தக் கத்திரிக்கா எந்தச் சந்தைக்குப் போவுது?

— சந்தைக்கில்லீங்க, சட்டிக்கு. வெலை உழுந்துபோனா, பறிகூலிக்கே கட்டாதுன்னு செடியிலயே உட்டுடறாங்கல்ல? அந்தக் காயப் பறிச்சுட்டுப் போயி எங்க தெருவுல ஆக்கறோம். தறி செட்டெல்லாம் மூடிக் கெடக்குதுங்க. மத்தியானம் ஊரே அங்கதான் சாப்பாடு.

— காட்டுக்காரன் சும்மா பறிச்சுக்கன்னு சொல்லுவானா?

— வாயத் தொறந்து சொல்ல மாட்டாங்க பெரியப்பா. அதுக்குத்தான் அக்கா ஒரு ஏற்பாடு பண்ணுச்சு. குடுக்கற மனசு இருந்தா வேலியில ஒரு சிவப்புச் சீலையக் கட்டி உட்டரோணும். நாங்களே வந்து பறிச்சுக்குவோம். வெலை போகலைன்னு அவங்களும் சொல்ல வேண்டாம், குடுங்கன்னு நாங்களும் கேக்க வேண்டாம்.

— சிவப்புச் சீலையா?

— ஆமாங்கய்யா. தூரத்துல வாரப்பவே கண்ணுக்குத் தெரியுமில்ல.

— மயிலு வந்து கொத்துதுன்னு எங்க பக்கம் காட்டைச் சுத்திப் பழைய சீலை கட்டுவோம். அது சிவப்பா இருந்துட்டா என்ன பண்ணுவீங்க?

— மயிலுக்குக் கட்டறவங்க பத்துக் கலர்ல கட்டுவாங்க. முழுக்க சிவப்பாக் கட்டுனா மயிலு வேலைய உட்டுட்டுக் கல்யாணப் பொண்ணு பாக்க வந்துரும்.

— சிரிச்சுட்டே ஓட்டாத கண்ணு, முன்னால லாரி. இரு, போனு அடிக்குது. அலோ, சொல்லுங்க ஈஸ்வரு. பறிச்சாச்சே. லோடு ஏத்திக் கௌம்பியும் ஆச்சு. என்னது? கெணத்துக்கு மேக்காலயா? செரி. செரி. வெச்சர்றேன். சுகன்யா, வண்டிய ஓரங்கட்டு.

— ஏனுங்கக்கா?

— நமக்குன்னு சீலை கட்டுன ஈஸ்வரு காட்டுல ஒத்தக் காயி பறிக்கலையாம். காலையிலிருந்து காத்துட்டு உக்காந்திருக்காரு. நாம பறிச்சது பக்கத்துக் காடு. சென்னிமலைன்னு ஒருத்தரோடது. அந்தச் சீலை மயிலுக்குக் கட்டுனதாம்.

— அய்யோ அக்கா.

— சிரிக்காத கழுதை.

— நான் என்ன பண்ணட்டும், எனக்குப் பயம் வந்தாச் சிரிப்புத்தான் வரும். மயிலுக்குக் கட்டுன சீலைக்கு நாம வந்து மாட்டீட்டமேக்கா. மயிலாவது ரெண்டு கொத்துக் கொத்தீட்டுப் போயிருக்கும். நாம ஒரு பிஞ்சக் கூட உடல.

— யாரு அம்மிணி அந்தச் சென்னிமலை?

— நாங்க பாத்ததில்லீங்க பெரியப்பா. ஈஸ்வரண்ணன் கதை கதையாச் சொல்லும். எச்சிக் கையில காக்கா ஓட்டாத ஆளாம். கோயில் பொங்கலுக்கு வெல்லம் குடுத்துட்டு, பொங்கல் வேகறதுக்குள்ள வந்து, வெல்லம் சுத்துன ஓலையத் திருப்பிக் குடுன்னு நின்னாராம்.

— ஓலையில்ல அம்மிணி, சாக்கு. நல்ல சாக்கு.

— உங்களுக்கும் தெரியுமா?

— ஊரே பேசுதே. அப்பறம் என்ன சொன்னான் ஈஸ்வரு?

— மக கல்யாணப் பந்தியில சம்பந்தி ரெண்டாவது வடை கேட்டாராம். அதுக்கு இவரு, மொத வடை எப்படீங்க இருந்துதுன்னு கேட்டுட்டு அப்படியே நகந்து போயிட்டாராம்.

— அது சம்பந்தியில்ல. மாப்பிள்ளையோட சித்தப்பன்.

— அட, நீங்களும் அந்தப் பந்தியில இருந்தீங்களாங்கய்யா?

— பக்கத்துலயேதான் நின்னேன்.

— என்னால முடியலக்கா, வயிறு வலிக்குது. வடை எப்படீங்க இருந்துதுன்னு கேட்டாராமே.

— நீ சிரி. அந்த மனுசன் ஒரு வார்த்தை திருட்டுன்னு சொல்லீட்டாப் போதும், நாளைக்கு எந்தக் காட்டுக்காரரு நம்மள உள்ள உடுவாரு? அத்தோட நம்ம அடுப்பு அணைஞ்சுரும் சுகன்யா.

— அப்பக் காயத் திருப்பிக் கொண்டு போயிக் குடுத்தர்லாமே.

— பறிச்சதச் செடியில ஒட்டவா வெக்க முடியும் பெரியப்பா? அங்க அரிவாமனையோட எல்லாரும் உக்காந்திருப்பாங்க. எங்க தெருவுல சாப்பிடறவங்கதான் காயி அரியறவங்க. ஆரும் ஆருக்கும் தானம் பண்றதில்ல.

— அத்தனை ரோசமா?

— ரோசம் மட்டுந்தானுங்க மிச்சம். செட்டு மூடுன புதுசுல பக்கத்தூட்டுக்காரி சாப்பிட்டாச்சான்னு கேட்டா ஆச்சுன்னுட்டு, தண்ணியக் குடிச்சுப் படுத்தவ நானு. அவளும் அப்படித்தான் படுத்தாளாம், பின்னாலதான் தெரிஞ்சுது. ரெண்டு பேருமே பொய்யி. அன்னைக்கு அழுத அழுகை கொஞ்சநஞ்சமில்லீங்கய்யா.

— கேட்டுட்டீங்களா பெரியப்பா? நான் முடிவு பண்ணீட்டேன், வண்டிய எடுக்கறேன். காயத் திருப்ப மாட்டேன். சோத்தப் போட்டு முடிச்சதும் நேரா அந்தச் சென்னிமலை ஊட்டுக்குப் போயி, நாந்தான் பறிச்சேன்னு கால்ல உழுந்தர்றேன். அக்கா பேரு வரக்கூடாது.

— வண்டியப் புடிச்சு வெச்சுக்கிட்டா?

— வெச்சுக்கட்டும். இத உட்டா எனக்கு வேற பொழப்பில்ல, அதுவும் தெரியும். பாருங்க, இதுக்கும் சிரிப்புத்தான் வருது.

— கண்ணத் தொடைச்சுட்டுச் சிரி அம்மிணி. அங்காளம்மா, கத்திரிக்காய எப்படி ஆக்குவீங்க?

— பாதியப் புளி ஊத்திக் கடைஞ்சுருவோம், பாதி கொழம்பு. நல்ல காயிங்கய்யா, சும்மா சொல்லக் கூடாது. ஒரு சொத்தை இல்ல. அந்தக் கருமிக்குக் கை ராசி அப்படி.

— நெசமாத்தான் சொல்றீங்களா?

— ஆத்தா மேல ஆணையா. வெவசாயத்துல கருமித்தனம் பண்ணாத மனுசன் போல.

— பெரியப்பா, உங்க டேசன் வந்துருச்சு. பாத்து எறங்குங்க.

— போயிட்டு வாங்கய்யா. உங்க களவு கெடைக்கோணும்னு நானும் வேண்டிக்கறேன்.

— ஏன் பெரியப்பா எறங்காம உக்காந்திருக்கீங்க? பின்னால பஸ்ஸுக்காரன் ஆரன் அடிக்கறான்.

— வண்டிய எடு அம்மிணி, சோத்து நேரமாச்சு. அங்க ஆராச்சும் இது யாரு குடுத்த காயின்னு கேட்டா, சென்னிமலை குடுத்தாருன்னு சொல்லுங்க, ஒருக்கா நாங் காதால கேக்கோணும்.